யூபா சிட்டியின் பழைய சிங்குகளைச் சீக்கியச் சமூகத்தில் சேர்ப்பதா, கூடாதா?

ஆற்றங்கரையான்:
நவம்பர் முதல் ஞாயிறு கலிபோர்னியா யூபா சிட்டியில் நடக்கும் நகர் கீர்த்தனுக்குப் போய்வந்தேன். 1980 முதல் நடக்கும் சீக்கியர் ஊர்வலம் அது. அலங்கரித்த வண்டியில் புனித நூலான குரு கிரந்த் சாகிப் வர, வழிநெடுக லங்கர் என்ற இலவச உணவு போட்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவர், "எங்கள் சமூகத்துக்கு இங்கே நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. 1900களின் தொடக்கத்தில் வந்த பஞ்சாபிகளில் பலர் முடியை வெட்டிக்கொண்டார்கள், மெக்சிகோ வழிப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் கத்தோலிக்கர்களாக வளர்ந்தார்கள். பேரப்பிள்ளைகளிடம் 'சிங்' என்ற குடும்பப் பெயர் மட்டும்தான் மிச்சம். 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள்தான் இன்று நாம் பார்க்கும் சமூகத்தைக் கட்டினார்கள். முன்னவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கயிறு நடுவில் அறுந்துவிட்டது என்பதுதான் என் கருத்து.

சாந்தி_பிரெஸ்னோ:
சார், கயிறு அறுந்தது என்றால் அறுத்தது யார் என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

அவர்களில் பலர் ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கத்து விவசாயிகள், முன்னாள் படைவீரர்கள். 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்ஹாமில் மர ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்களை ஒரு வெள்ளைக்காரக் கும்பல் ஊரைவிட்டே விரட்டியது. சீக்கியரோ முஸ்லிமோ, எல்லோரையும் 'இந்து' என்றுதான் அழைத்தார்கள். 1917 சட்டம் இந்தியாவிலிருந்து ஆள் வருவதையே தடுத்துவிட்டது. ஊருக்குப் போனால் திரும்ப முடியாது, மனைவியையும் அழைத்துவர முடியாது. கலிபோர்னியாவில் வெள்ளையர் வேறு இனத்தவரை மணக்கவும் சட்டம் இடம் தரவில்லை. அதனால் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்திக் காட்டில் கூட வேலை செய்த மெக்சிகோப் பெண்களை மணந்தார்கள். கவுண்டி அலுவலகத்தில் இருவர் நிறமும் ஒன்றுபோலத் தெரிந்தால் உரிமம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் சில நூறு குடும்பங்கள் உருவாயின. வேறு வழி இல்லாத மனிதர்கள் சார் அவர்கள். அடையாளத்தை வேண்டாம் என்று தூக்கிப் போட்டவர்களாக அவர்களை எழுதாதீர்கள்.

ஆற்றங்கரையான்:
அவர்கள் பட்ட பாட்டை நான் மறுக்கவே இல்லை. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதானே? சீக்கியம் ரத்தத்தில் வருவதில்லை, கடைப்பிடித்தால்தான் நிற்கும். வெட்டாத கேசமும் தலைப்பாகையும் போய், குருபாணி என்ற குருக்களின் பாடல்கள் தெரியாத தலைமுறையும் வந்தபிறகு அதை என்ன சொல்லி அழைப்பது? பஞ்சாபி மரபு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

நிலவன்:
இந்தப் பழைய வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. பகத் சிங் திண்ட் 1918இல் தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். ஆசியருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்ட அந்தக் காலத்தில், தன் குடியுரிமை வழக்கில் அவர் வைத்த வாதம் என்ன? தான் உயர்சாதி, ஆரிய வம்சம், ஆகவே வெள்ளையர் என்பது. சாதியை மறுத்த குருக்களின் வழியில் வந்தவர் சாதியைக் காட்டிக் குடியுரிமை கேட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. முன்னோடிகளைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாந்தி_பிரெஸ்னோ:
நிலவன் தம்பி, சொல்லத்தான் வேண்டும். அந்த வாதத்தை நானும் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் நீதிமன்றம் செய்ததையும் பாருங்கள். 1922 நவம்பரில் ஜப்பானியரான ஒசாவாவின் குடியுரிமை வழக்கில், வெள்ளையர் என்றால் காகசியர் (ஐரோப்பியர் முதலானோரைச் சேர்த்து அன்றைய அறிஞர்கள் வகுத்த இனம்) என்றார்கள். திண்ட் அறிஞர்களின் வகைப்பாட்டைக் காட்டி, நானும் காகசியன்தான் என்றார். மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், அதே நீதிபதி சதர்லேண்ட், அறிஞர் சொல்வது முக்கியமில்லை, சாமானியன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவனே வெள்ளையன் என்று எழுதினார். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அது பிறகு பறிக்கப்பட்டது. 'குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவர்' நிலம் வாங்கக்கூடாது என்ற 1913 மாநிலச் சட்டமும் இவர்கள் தலையில் விழுந்தது. சிலர் அங்கேயே பிறந்த பிள்ளைகள் பெயரில் நிலத்தை வைத்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையான் சார், நீங்கள் வெளியே தள்ளுகிற அதே பிள்ளைகள்தான்.

அப்புறம், கலிபோர்னியாவிலேயே இருக்கும் ஸ்டாக்டன் குருத்வாராவை நீங்கள் சொல்லவே இல்லை. 1912இல் தொடங்கியது, அமெரிக்காவின் முதல் குருத்வாரா. கூலி வேலை பார்த்தவர்கள் காசு சேர்த்துக் கட்டியது. இந்திய விடுதலைக்குப் போராடிய கதர் கட்சிக்காரர்கள் கூடிய இடமும் அதுதான். அந்தக் கட்சியின் கர்த்தார் சிங் சராபா இங்கிருந்து ஊர் திரும்பி 1915இல் லாகூரில் தூக்கில் ஏறியபோது அவருக்கு வயது 19.

ஆற்றங்கரையான்:
ஸ்டாக்டனை விட்டது என் தவறு, ஏற்கிறேன். ஆனால் அதே குருத்வாராவில் ஒரு காலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழிபட்டார்கள். பின்னால் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள்தான் நாற்காலிகளை அகற்றித் தரையில் உட்காரும் முறையைக் கொண்டுவந்தார்கள். புதியவர்கள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் கேள்வி.

சாந்தி_பிரெஸ்னோ:
நல்ல கேள்வி. அந்தப் புதியவர்கள் எப்படி வந்தார்கள்?

தலிப் சிங் சௌண்டை எடுத்துக்கொள்வோம். 1920இல் வந்து பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே அவர் தங்கியது ஸ்டாக்டன் குருத்வாரா நடத்திய விடுதியில். முனைவர் ஆனபிறகும் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம்தான் பார்த்தார். தலைப்பாகை கட்டவில்லை, மனைவி அமெரிக்கர். உங்கள் கணக்கில் அவரும் வெளியே. ஆனால் இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு அவரும் அந்த விவசாயிகளும் வருஷக்கணக்கில் பாடுபட்டார்கள். 1946 ஜூலையில் சட்டம் வந்தது. வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம், இருப்பவர்கள் குடியுரிமை பெறலாம். சௌண்ட் 1949இல் குடிமகனாகி, 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். ஆசிய வம்சத்தில் அவர்தான் முதல் ஆள்.

அப்படிக் குடியுரிமை பெற்ற கிழவர்கள்தான் ஊரிலிருந்த சொந்தக்காரர்களை அழைத்தார்கள். 1965 சட்டமும் குடிமக்களின் உடன்பிறந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. யூபா சிட்டியில் பீச்சும் பிளம்ஸும் பயிரிடும் குடும்பங்களில் எத்தனை, முன்னமே இருந்த ஒரு மாமாவின் கடிதத்தால் வந்தவை!

நிலவன்:
அக்கா, அந்தக் கடிதம் எழுதிய மாமாவின் மெக்சிகோ மனைவியையும் பிள்ளைகளையும் புதிதாக வந்த உறவினர்கள் எப்படி நடத்தினார்கள்? அங்கேதான் உரசல் வந்தது என்று படித்திருக்கிறேன்.

சாந்தி_பிரெஸ்னோ:
வந்தது தம்பி. ஒதுக்கப்பட்டதாக அந்தப் பிள்ளைகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன். அப்பாவின் நிலத்தைத் தங்கள் பெயரில் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆற்றங்கரையான்:
சாந்தி, கயிறு அறுந்தது என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கடிதம் எழுதி அழைத்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள், அது தொடர்ச்சிதான். பேரப்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. தேவாலயத்துக்குப் போகிறவரை அவர் கேட்காமலே சீக்கியர் என்று நாம் எழுதுவதும் சரியில்லை. அதை அவர்களே சொல்லட்டும்.

சாந்தி_பிரெஸ்னோ:
அதில் எனக்கும் மறுப்பில்லை. அடுத்த நவம்பரில் ஊர்வலத்துக்குப் போகும்போது ஸ்டாக்டனையும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள் சார்.