புட்டியின் அடித்தழும்புக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

பொறையாறு ஆசிரியர்:
வணக்கம். தரங்கம்பாடிக் கரையிலிருந்து மாணவன் ஒருவன் பழைய பச்சைப் புட்டி கொண்டுவந்தான். அச்சின் பாதிகள் சேருமிடத்தில் விழும் அச்சுக்கோடு இல்லை, கண்ணாடிக்குள் குமிழ்கள், அடியில் விரலைக் கீறும் சொரசொரப்பான வட்டம். ஊதிய புட்டியின் அடியில் இரும்புத்தண்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஊதுகுழலை உடைத்தெடுத்து, வாயைச் சீராக்கி, கடைசியில் தண்டை முறிப்பார்களே, அந்தத் தடம். ஆங்கிலத்தில் 'பான்டில்' குறி. கண்காட்சி அட்டை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது.

திருவையாறு புலவர்:
அது நம் 'பாண்டில்' ஐயா! வட்டம், கிண்ணம், அகல் எல்லாம் பாண்டில். 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறது புறநானூறு 56. தேறல், அதாவது மது, கொண்டுவந்த யவனக் கலம் மேற்கே திரும்பும்போது ஒரு சொல்லை ஏற்றிப் போகாதா?

மன்னார்குடி:
சிறுபாணாற்றுப்படையின் 'வாண்முகப் பாண்டில்' எருது. புட்டிக்கடியில் மாட்டையும் கட்டலாமா? ஆங்கிலப் 'பான்டில்' இத்தாலிய 'புன்டெல்லோ' வழி வந்தது. 'முறிவடு' போடுங்கள்.

தஞ்சாவூர்:
வினைத்தொகை. நேற்று முறிந்தது, இன்று முறிகிறது, நாளையும் முறியும். காட்சிப்பெட்டியில் வைக்க பயமாக இருக்கிறது. போதாததற்கு வடு என்றால் எங்கள் தெருவில் மாவடுதான்.

மன்னார்குடி:
'நாவினாற் சுட்ட வடு' ஒப்பித்த பிள்ளைகளுக்கு ஊறுகாயா நினைவு வரும்?

கும்பகோணம்:
எங்கள் அப்பாயி 'சீசா' என்பார். அவருக்குப் புரிய வேண்டுமானால் 'தொப்புள்' என்றே எழுதுங்கள். கொடியறுத்த இடம்தானே.

திருவையாறு புலவர்:
கொச்சை. கொப்பூழ் என்க.

கும்பகோணம்:
அதை விளக்க இன்னொரு அட்டை அடிக்க வேண்டும்.

நாகப்பட்டினம்:
'தண்டுத்தழும்பு'. தண்டும் தெரியும், தழும்பும் தெரியும்.

பொறையாறு ஆசிரியர்:
நன்றி. 1845 வரை தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்ததால், 'டேனியர் புட்டி' என்றும் போடலாமா?

நாகப்பட்டினம்:
வேண்டாம். தழும்பு செய்முறையைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அடியைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி பரவியதும் இந்தத் தழும்பு அருகியது. 'கையால் ஊதியது' என்று மட்டும் போடுங்கள். வாய்விளிம்பு வரை அச்சுக்கோடு ஏறியிருந்தால்தான் இயந்திரப் புட்டி.

தஞ்சாவூர்:
தண்டுத்தழும்பு சரி. தூக்கம் வருகிறது.

கும்பகோணம்:
தொப்புள் போச்சு. சரி, தண்டுத்தழும்பு.

மன்னார்குடி:
முறிவடுவை அடைப்புக்குறிக்குள்ளாவது...

பொறையாறு ஆசிரியர்:
இடமில்லை ஐயா. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

திருவையாறு புலவர்:
என் மறுப்பைப் பதிகிறேன். பாண்டில் பற்றிய நீண்ட மடல் நாளை வரும்.