'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன?

கேள்வி: ஆங்கிலச் சட்டக் கட்டுரை ஒன்றில் 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று படித்தேன். இனிமையான வேறுபாடு என்று கொண்டால் பொருந்தவில்லையே, அங்கே அச்சொல்லுக்கு என்ன பொருள்?

மறுமொழி 1: நுட்பமான வேறுபாடு என்பதே பொருள். 'அறியாத' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல், ஆங்கிலத்தில் முதலில் மூடத்தனத்தையும், பின்னர் எளிதில் திருப்தியடையாத குணத்தையும், 16ஆம் நூற்றாண்டில் நுண்மையையும் குறித்து, 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமைக்கு வந்து சேர்ந்தது. வசை பாராட்டாக மாறியது வேடிக்கைதான்.

மறுமொழி 2: மனிதரைப் பற்றி வந்தால் நல்லவர் என்றே கொள்ளுங்கள்.

மறுமொழி 3: மாவை 'நைஸாக' அரைக்கச் சொல்லும்போது நாமும் நுண்மையையே சொல்கிறோம். ஆனால் 'நைஸாக நழுவினான்' என்பதிலுள்ள தந்திரப் பொருள் தமிழ்ப் பேச்சுக்கே உரியது. ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் எவருக்கும் விளங்காது.