புள்ளைக்கு வலிப்பு வந்த அன்னிக்கு கேட்ட பேச்சு

சாமி கும்பிடாதவங்கள சொந்தக்காரங்க எந்நேரமும் திட்டிட்டே இருப்பாங்கன்னு பல பேரு நெனைக்கிறாங்க, என் அனுபவத்துல அப்படி இல்ல. சாதாரண நாள்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க, "அவ பெரியார் கட்சி"ன்னு சொல்லிட்டு கொழுக்கட்டையும் குடுத்து விடுவாங்க. நமக்கு ஒரு கஷ்டம் வர்ற அன்னிக்குதான் நம்மள என்னவா நெனச்சு வச்சிருந்தாங்கன்னு தெரியும்.

நாங்க பண்ணது சுயமரியாதை கல்யாணம். ஐயர் இல்ல, தாலி இல்ல, மாலை மாத்தி உறுதிமொழி படிச்சோம். 1967ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப கொண்டு வந்த சட்டத்தால அது செல்லும், முறைப்படி பதிவும் பண்ணிட்டோம். மாமியார் கொஞ்ச நாள் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தாங்க, அப்புறம் சரியாயிட்டாங்க.

பையனுக்கு ஒன்றரை வயசுல காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துச்சு. கண்ணு மேல சொருகி, ஒதடு நீலமாயிருச்சு, நான் செத்தே போயிட்டேன்னு சொல்லணும், ஆட்டோவுல போட்டு தூக்கிட்டு ஓடினோம். ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள சில குழந்தைங்களுக்கு காய்ச்சலோட இப்படி வரும், பெரும்பாலும் பின்னாடி பாதிப்பு இருக்காதுன்னு டாக்டர் பொறுமையா சொன்னாரு. வெளிய வராண்டாவுக்கு வந்தா வீட்டுக்காரரோட பெரியம்மா, "குலசாமிக்கு மொட்டை போடல, காது குத்தல, அதான் காட்டிருச்சு"ன்னாங்க. என் சேலை பூரா புள்ளையோட வாந்தி, அத தொடைக்க கூட எனக்கு தோணல, அந்த நேரத்துல பெத்தவளோட திமிராலதான் புள்ள படுத்திருக்குன்னு அத்தன பேரு முன்னாடி சொல்றாங்க. இன்னொரு அத்தை மஞ்சத் துணியில ஒத்த ரூபாய முடிஞ்சு, ட்ரிப்ஸ் ஏறுற கையிலயே கட்ட வந்தாங்க, நர்ஸ்தான் தடுத்தாங்க. மறுநாள் புள்ள எந்திரிச்சு இட்லி சாப்பிட்டான், உடனே "நேந்துக்கிட்டோம்ல, அதான்"னு ஆயிருச்சு. வந்தா நான் கும்பிடாததால, போனா அவங்க கும்பிட்டதால. ராத்திரி பூரா முழிச்சிருந்த டாக்டரும் நர்ஸும் அந்த கணக்குலயே வரல, அதுதான் எனக்கு இப்பவும் ஆறல.

எல்லாரும் இப்படின்னு சொல்ல மாட்டேன். என்கூட வேலை பாக்குற ஒரு அக்கா, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்கு போறவங்க, ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்ல கஞ்சி கொண்டு வந்துட்டு "உனக்கு நம்பிக்கை இல்லன்னு தெரியும், நான் ஜெபம் பண்ணிக்கலாமாப்பா?"ன்னு கேட்டாங்க. பண்ணுங்கக்கான்னேன். என்கிட்ட கேட்டாங்க பாருங்க, அந்த மரியாதை போதும்.

இதெல்லாம் பேச்சோட போச்சு, எனக்கு உயிர் பயம் வந்ததில்ல. கோயமுத்தூர்ல 2017 மார்ச்ல ஃபாரூக்க கொன்னாங்க. முஸ்லிம் குடும்பத்துல பொறந்து கடவுள் இல்லன்னு சொன்னவரு, பெரியார் வழி அமைப்பான திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரரு. அவரோட அப்பா, மகன் இருந்த அமைப்புலயே நானும் சேருறேன்னு சொன்னத படிச்சப்ப அழுதுட்டேன். எந்த வீட்ல இருந்து வெளிய வர்றோம்ங்கறத பொறுத்து குடுக்குற விலை மாறுது, நம்ம பக்கத்து ஆளுங்களே இத சில நேரம் மறந்துடுறாங்க.

இப்ப ஸ்கூல் அட்மிஷன். ஃபார்ம்ல சாதி, மதம் ரெண்டையும் காலியா விட்டேன், ஆபீஸ்ல இருந்தவரு "ஏதாவது ஒண்ணு போடுங்கம்மா, புள்ளைக்கு பின்னாடி பிரச்சினை"ன்னு திருப்பி குடுத்துட்டாரு. காலியா விடலாம்னு 1973லயே அரசாணை இருக்கு, 2000லயும் திரும்ப போட்டிருக்காங்க. திருப்பத்தூர் வக்கீல் சினேகா 2019ல சாதி மதம் இல்லன்னு சர்டிபிகேட்டே வாங்கிட்டாங்க. ஆணையோட காப்பி எடுத்துட்டு திங்கக்கிழமை மறுபடி போறேன். உங்க ஊர்ல யாராவது காலியா விட்டு சேத்திருந்தா ஹெட்மாஸ்டர்கிட்ட எப்படி பேசினீங்க, எழுதிக் குடுக்க சொன்னாங்களான்னு சொல்லுங்க.