மறு: ஃபிளெக்ஸ் ஃப்யூவல் காருக்கு ‘கலவையேற்பு வாகனம்’ சரிவருமா?

> ‘நெகிழ் எரிபொருள் வாகனம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் இதில் நெகிழ்ந்து கொடுப்பது எரிபொருள் இல்லையே, எஞ்சின். பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனால் என்னும் ஆல்ககாலுக்கு 9 மடங்கு போதும். தொட்டியில் இரண்டும் எந்த அளவில் கலந்து கிடந்தாலும், அதைக் கண்டறிந்து பீய்ச்சும் அளவை மாற்றிக்கொள்கிறது இந்த வண்டி. ஆகவே நம் கலைச்சொல் பட்டியலுக்கு ‘கலவையேற்பு வாகனம்’ என்பது என் முன்மொழிவு.

‘ஈரெரிபொருள்’ வேண்டாம். நம் சிங்கப்பூரில் முன்பு ஓடிய சிஎன்ஜி டாக்சிகளுக்கு அது பொருந்தும்: பெட்ரோலுக்கு ஒரு தொட்டி, எரிவாயுவுக்குப் பின்னால் தனி சிலிண்டர் (பெட்டி வைக்கத்தான் இடம் இருக்காது). கலவையேற்பில் தொட்டி ஒன்றுதான்.

‘எரிசாராய வாகனம்’ என்று எழுதிய நண்பர் விளையாட்டுக்குச் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் எரிசாராயம் என்றாலே அடுத்த சொல் ‘பறிமுதல்’!

இந்தியாவில் இப்போது பரவலாக விற்கும் இ20 பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு. அதற்கென்று வரும் கார் அந்த அளவு வரை தாங்கும், அவ்வளவுதான். எத்தனால் மிகுந்த இ85 ஊற்றினால் சரியாக ஓடாது. அதை ‘இ20 தாங்கு வாகனம்’ எனலாம். தாங்குவதும் ஏற்பதும் பட்டியலில் தனித்தனியாக நிற்கட்டும். பிரேசிலில் 2003 முதல் விற்கும் கார்கள்தான் அசல் கலவையேற்பு. அங்கே எத்தனால் தனிப் பம்பிலேயே கிடைக்கிறது. அதன் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல் என்று கணக்குப் போட்டு நிரப்புவார்கள்.

அந்தத் தனி எத்தனாலில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். பெட்ரோலில் கலப்பது தண்ணீர் நீக்கியது. இதை ‘நீரிலி’ என்று சுருக்க எனக்கும் ஆசைதான், ஆனால் வேதியியல் பாடநூலில் அந்தப் பெயர் வேறொரு சேர்ம வகைக்குப் போய்விட்டது. ‘நீரற்ற எத்தனால்’, ‘நீருள்ள எத்தனால்’ போதும்.

அப்புறம், இ85 என்பதை ‘85 விழுக்காட்டு எத்தனால்’ என்று விரிக்காதீர்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பதில் எத்தனால் 51 முதல் 83 விழுக்காடு வரை, பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். குளிரில் எஞ்சின் கிளம்ப பெட்ரோல் கூடுதலாக வேண்டும். ‘இ85’ என்றே விட்டுவிடலாம். பம்பில் ஒட்டும் எச்சரிக்கை ‘கலவையேற்பு வாகனங்களுக்கு மட்டும்’ என்று ஒரே வரியில் அடங்குகிறது, பாருங்கள்.

> நம் பம்பில் 92, 95, 98 ஆக்டேன் பெட்ரோல் தானே. 2030 முதல் புதுக் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையாக இருக்கவேண்டும். நமக்கு எதற்கு இந்தச் சொல்?

இந்தியாவில் இருக்கும் பெற்றோருக்குக் கார் வாங்கித் தருபவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்களே, ஐயா! அவர்களுக்கு ‘தாங்கு’, ‘ஏற்பு’ இரண்டும் நாளைக்கே வேண்டும். இன்னொன்று, பட்டியலில் மெத்தனாலையும் எத்தனாலையும் ‘ஆல்ககால் எரிபொருள்’ என்று ஒரே வரியில் போட்டிருக்கிறோம். 2023 ஜூலையில் சிங்கப்பூரில் ஒரு கொள்கலன் கப்பல் நிரப்பிக்கொண்டது மெத்தனால். காருக்குப் பேசுவது எத்தனால். அந்த வரியை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.