உருளைக்கிழங்கு நாச்சோஸ்: எட்டுப் பேருக்கு, நமத்துப் போகாம செய்ய முடியுமா?

வடவள்ளி_வாசி கேட்டது:

வர்ற சனிக்கிழமை சாயங்காலம் காலேஜ் செட்டு எட்டுப் பேரு வீட்டுக்கு வர்றாங்க. பிரியாணியை வெளியில சொல்லியாச்சு. அதுக்கு முன்னால, நடுவுல ஒரே பெரிய தட்டா வச்சு எல்லாரும் கை போட்டு எடுத்துத் திங்கற மாதிரி லோடட் பொட்டேட்டோ நாச்சோஸ் செய்யலாம்னு ஆசை. வழக்கமா நாச்சோஸுக்குப் போடற சோளச் சிப்ஸ் இல்ல. உருளைக்கிழங்கை வட்டமா வெட்டிப் பொரிச்சு, மேல சீஸ், ராஜ்மா, தக்காளி, மிளகாய், தயிர்னு ஏத்தறது.

போன மாசம் ஒரு மால்ல இதை வாங்கினோம். மேல் அடுக்கு அமர்க்களம். கீழ போகப் போக சாஸ்ல ஊறி, கரண்டி கேட்டு வாங்கி வழிச்சுத்தான் முடிச்சோம். அந்த விலைக்கு உருளைக்கிழங்குப் பொரியல்! என் வீட்டுல அது நடக்கக் கூடாது.

வீட்டுல இருக்கறது 28 லிட்டர் ஓடிஜி அவன், பெரிய வடச்சட்டி, வாழைக்காய் சீவற கட்டை. ஏர் ஃப்ரையர் கிடையாது. எந்தக் கிழங்கு, எவ்வளவு வாங்கறது? பொரிக்கலாமா, பேக் பண்ணலாமா? எதையெல்லாம் முன்னாடியே செஞ்சு வைக்கலாம்? அவங்க ஹால்ல சிரிச்சுட்டு இருக்கறப்ப நான் அடுப்பங்கரையில நிக்க முடியாது. ரெண்டு பேருக்குக் கறி இல்லாம இறங்காது. ஒருத்தி ஜெயின், வெங்காயம் பூண்டு சேர்த்துக்க மாட்டா.

பாதிராத்திரி_பசி:

எதுக்கு இவ்வளவு பாடு? பெரிய சிப்ஸ் பாக்கெட் நாலு பிரிச்சுக் கொட்டுங்க, மேல சீஸ் ஸ்பிரெட், கொஞ்சம் மிக்சர். அஞ்சு நிமிஷம். நண்பர்கள்தானே, கலெக்டரா வர்றாரு?

சிப்ஸ்கடை_வாரிசு:

பாக்கெட் சிப்ஸ் வேண்டாங்க. அது காகிதம். ஒரு கரண்டி ராஜ்மா விழுந்தாலே தூளாயிரும், எடுக்கறவங்க கையில சீஸ் மட்டும்தான் மிஞ்சும்.

எங்கப்பா பொள்ளாச்சி ரோட்டுல சிப்ஸ் கடை வச்சிருக்காருங்க. பள்ளிக்கூடம் விட்டா எனக்கு வடச்சட்டிப் பக்கம்தான் ட்யூஷன். அதனால கிழங்குல இருந்தே ஆரம்பிக்கறேன், பொறுத்துக்கங்க.

ஊட்டிக் கிழங்குன்னு சொன்னா விலை கேக்காம வாங்கற ஊரு நம்மளது. மசாலுக்கும் குழம்புக்கும் அது ராஜா. ஆனா மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஊட்டிக் கிழங்கோட கோலார், குஜராத் கிழங்கும்தான் வருது. பொரிக்கறதுக்கு எந்த ஊரு கிழங்குங்கறதை விட, அது எங்க கிடந்துச்சுங்கறதுதான் முக்கியம். ரொம்பக் குளிர்ல கிடந்த கிழங்குல மாவுச்சத்து சர்க்கரையா மாறிரும். எண்ணெயில போட்டா உள்ள வேகறதுக்குள்ள வெளிய கருஞ்செவப்பாகி லேசா கசக்கும். எங்கப்பா மூட்டைக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கிழங்கைச் சீவி நாலு வில்லை பொரிச்சுப் பார்ப்பாரு. வெளிர் மஞ்சளா வந்தாத்தான் மூட்டை இறங்கும். நீங்களும் வெள்ளிக்கிழமை உழவர் சந்தையில கால் கிலோ வாங்கிப் பொரிச்சுப் பாருங்க. நல்லா வந்தா மறுநாள் அதே கடையில மிச்சத்தை வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜுல வச்சுராதீங்க, அங்கயும் அதே கதைதான் நடக்கும்.

எட்டுப் பேருக்கு, பின்னால பிரியாணி இருக்கறதால, ஒன்றரைக் கிலோ தாராளம். பொரிச்சா பாதிக்கு மேல தண்ணியாப் போயிரும்.

உங்க வாழைக்காய் கட்டை இதுக்கு ஆகாது, ரொம்ப மெல்லிசாச் சீவும். கத்தியிலயே மூணு மில்லிமீட்டர் கனத்துக்கு வெட்டுங்க. ஒத்தை ரூபாய்க் காசு ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்ச அளவு. தண்ணி தெளியற வரைக்கும் அலசி, இருபது நிமிஷம் ஊறப் போட்டு, பழைய வேட்டியில பரப்பி ஒத்தி எடுங்க. இந்த இடத்துல சோம்பல் பட்டீங்கன்னா எண்ணெய் பொங்கி அடுப்பு மேல வழியும்.

பொரிக்கறது ரெண்டு தடவை. சனிக்கிழமை மத்தியானமே மிதமான சூட்டுல, வில்லை வெந்து, நிறம் மாறாம, ஓரம் மட்டும் விறைக்கற வரைக்கும் போட்டு எடுத்துப் பரப்பி ஆற விடுங்க. அவங்க செருப்பைக் கழட்டறப்ப எண்ணெயை நல்லாக் காயவச்சு, கை கையாப் போட்டு, சலசலப்பு அடங்கினதும் அள்ளிருங்க. ஒரு ஈடுக்கு ரெண்டு நிமிஷம். பேக் பண்ணலாம்தான், ஆனா 28 லிட்டர்ல ஒரு தட்டுக்கு அரைக் கிலோ பரப்பறதே கஷ்டம். மூணு ஈடு முடியறதுக்குள்ள முதல் ஈடு ஆறிப் போயிரும்.

உப்பு விஷயம் ஒண்ணு. நேந்திரங்காய்க்கு உப்பு மஞ்சத் தண்ணியை எண்ணெயிலயே விடுவோம். அந்தச் சடசடப்பைக் கேட்டுத்தான் பாதிப் பேரு வண்டியை நிறுத்துவாங்க. வீட்டுல அதை முயற்சி பண்ணாதீங்க, உருளைக்கு அது தேவையும் இல்ல. அள்ளின சூட்டோட பொடி உப்பு தூவினாப் போதும். சீஸ்லயே உப்பு இருக்கு, கையை அடக்கிக்கங்க.

அடுத்தது சீஸ். மொஸரெல்லா மட்டும் போட்டா போட்டோவுக்கு நூல் நூலா வரும், பத்தே நிமிஷத்துல ரப்பராயிரும். சாதாரண பிராசஸ்ட் சீஸ் கட்டியே போதும். அதுல உருகுறதுக்குன்னே ஒரு உப்பு சேர்த்திருக்கறதால எண்ணெய் தனியாப் பிரியாது. ஒரு ஸ்பூன் வெண்ணெய், ஒரு ஸ்பூன் மைதா, பச்சை வாசனை போனதும் ஒரு டம்ளர் பால். கெட்டியானதும் அடுப்பை அணைச்சுட்டு நூறு கிராம் சீஸைத் துருவிப் போட்டுக் கலக்குங்க. எட்டுப் பேருக்கு இது ரெண்டு பங்கு. தோசை மாவை விடக் கெட்டியா இருக்கணும், அப்பத்தான் வழிஞ்சு அடியில போய்த் தேங்காது. வில்லை ரெண்டே அடுக்கு, நடுவுல இந்த சாஸ் ஒரு கோடு, மேல ஒரு கோடு, அவ்வளவுதான். மிச்சத்தைக் கிண்ணத்துல வச்சிருங்க.

மேல ஏத்தற எதுலயும் தண்ணி இருக்கக் கூடாது. ராஜ்மாவை வேகவச்சு பாதியை மசிச்சு, சீரகத்தூள், மிளகாய்த்தூள் போட்டு தொக்கு மாதிரி சுருட்டி எடுங்க. கோழிக் கொத்துக்கறியும் அப்படித்தான், உதிரி உதிரியா, தனிக் கிண்ணத்துல. தக்காளிக்கு விதையும் சாறும் வழிச்சு எறிஞ்சுட்டு சதை மட்டும். ஹலபேனோங்கற மெக்சிகோ மிளகாய் பாட்டில் எதுக்குங்க? பஜ்ஜி மிளகாயை வட்டமா நறுக்கி, கொதிக்க வச்ச வினிகர், தண்ணி, உப்பு, சர்க்கரையில ஒரு மணி நேரம் போட்டு வைங்க. தயிரைக் காலையிலயே மல்துணியில கட்டி ஃபிரிட்ஜுக்குள்ள தொங்க விட்டுருங்க.

டெக்சஸ்_வெயில்:

நான் டாலஸ் பக்கம் இருக்கேன். இங்க இதுக்குப் பேரு ஐரிஷ் நாச்சோஸ். பக்கத்து ஆர்லிங்டன்ல ஒரு பார்லதான் இது பிறந்துச்சுன்னு சொல்லிக்குவாங்க. செடார் சீஸ், பேக்கன்ங்கற பன்றிக்கறி, புளிப்பான சவர் கிரீம், வெங்காயத்தாளோட இரும்புச் சட்டியில கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும்.

சிப்ஸ்கடைத் தம்பி சொன்னதுல சாஸ் விஷயத்துல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்ல. நாச்சோஸை முதல்ல செஞ்சவர் மெக்சிகோ எல்லை ஊரான பியெட்ராஸ் நெக்ராஸ்ல உணவகத்துல வேலை பார்த்த இக்னாசியோ அனயா. 1940-கள்ல நடந்தது. பொரிச்ச சோள ரொட்டித் துண்டு மேல துருவின சீஸ், ஊறவச்ச ஹலபேனோ வில்லை, கொஞ்சம் சூடு. அவ்வளவுதான், சாஸே கிடையாது. ஊத்தற சீஸ் சாஸைப் பரப்பினது ஃபிராங்க் லிபர்ட்டோ. 1976-ல இதே ஆர்லிங்டன் பேஸ்பால் மைதானத்துல வித்தார். அங்க நீளமான வரிசை மடமடன்னு நகரணும், அதுக்கு அது சரி. உங்க வீட்டுல யாரும் டிக்கெட் வாங்கிட்டு வரிசையில நிக்கலையே?

அதனால ஓடிஜி தட்டுல வில்லைகளை ஒத்தை அடுக்கா, ஓரம் லேசா ஏறி இருக்கற மாதிரி பரப்புங்க. ஒவ்வொண்ணு மேலயும் துருவின சீஸ், கொஞ்சம் ராஜ்மா. மேல் கம்பி மட்டும் போட்டு மூணு நாலு நிமிஷம். தயிர், தக்காளி மாதிரி குளிர்ந்த சாமானெல்லாம் தட்டை வெளிய எடுத்த பிறகு போடுங்க. செடார் கிடைக்கலேன்னா பிராசஸ்ட், மொஸரெல்லா சரிபாதி போடலாம், தம்பி கோவிச்சுக்கக் கூடாது. முதல் தட்டு காலியாகறப்ப ரெண்டாவது உள்ள போகட்டும். ஒரே மலையா குவிச்சாத்தான் பார்ட்டின்னு யாரு சொன்னது?

பூமார்க்கெட்_அக்கா:

எல்லாரும் சீஸ் சண்டையிலயே இருக்கீங்க. கண்ணு, உன் ஜெயின் ஃபிரெண்ட் உருளைக்கிழங்கு சாப்பிடுவாளான்னு முதல்ல கேட்டியா? நான் ஆர்.எஸ்.புரத்துல மார்வாடி வீடுகளுக்கு நடுவுல வளர்ந்தவ. மண்ணுக்கடியில விளையறது எதையும் நிறைய வீட்டுல தொட மாட்டாங்க, கிழங்கும் அதுல சேர்த்திதான். சில பேரு வெங்காயம் பூண்டை மட்டும் விட்டுட்டு உருளை சாப்பிடுவாங்க, சில பேரு வெளியில வந்தாச் சாப்பிடுவாங்க. இன்னைக்கே ஒரு போன் போட்டுரு. மாட்டான்னா அவளுக்கு வாழைக்காய். அவங்க வீடுகள்ல பாவ் பாஜிக்கே உருளைக்குப் பதிலா வாழைக்காய்தான் போடுவாங்க, அவளுக்கு அது புதுசும் இல்ல. கொத்துக்கறி கரண்டியை அந்தத் தட்டுப் பக்கம் கொண்டு போகாத.

வடவள்ளி_வாசி:

அக்கா, போன் போட்டேன். சாப்பிட மாட்டாளாம். "நான் பிரியாணிக்கு வர்றப்ப தயிர் சாதம் கொண்டு வரலாம்னு இருந்தேன்"ங்கறா! வாழைக்காய்னதும் ஒரே குஷி. பொரிக்கறது முதல்ல அவளோடது, புது எண்ணெயில. மத்தவங்களுக்கு டெக்சஸ் அண்ணா சொன்ன ஒத்தை அடுக்கு, சாஸ் கிண்ணம் ஓரமா. வாழைக்காய் வெட்டினதும் கறுத்துருமே, மத்தியானமே வெட்டி வைக்கலாமா?

சிப்ஸ்கடை_வாரிசு:

வெட்டி வைக்காதீங்க. முழுசாத் தோல் சீவி, மோர் கலந்த தண்ணியில போட்டு வைங்க, கறுக்காது. கையில எண்ணெய் தடவிட்டுச் சீவுங்க, இல்லேன்னா கறை ரெண்டு நாளைக்குப் போகாது. நேந்திரங்காய் கிடைச்சா அதையே வாங்குங்க. சாதா வாழைக்காயை விட விறைப்பா நிக்கும், ராஜ்மா கனத்தையும் தாங்கும். இதுக்கு ரெண்டு தடவை பொரிக்க வேண்டியதில்ல. சரிஞ்சாப்புல, ரெண்டு மில்லிமீட்டர் கனத்துல வெட்டி ஒரே ஈடு. ரெண்டு காய் ஒரு ஆளுக்குப் போதும், ஆனா நாலு வாங்குங்க. மத்தவங்க கையும் அந்தத் தட்டுக்குப் போகும்.