எஞ்சின் ஒயில் இணைப்பில் கசிவு: டேப் சுற்றுவதா, பசை பூசுவதா?

கேள்வி: பொகவந்தலாவை, கொழுந்து லொறி

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்து மலைகளிலிருந்து தொழிற்சாலைக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் பழைய ஜப்பானிய டீசல் லொறி ஒன்றை வைத்திருக்கிறேன். பாரத்தோடு மேடேறும்போது ஒயில் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக, கடந்த மாதம் ஓர் அழுத்தமானி வாங்கினேன். எஞ்சின் பிளொக்கில் ஒயில் சுவிட்ச் இருந்த துளையில், மானியோடு வந்த பித்தளை 'டீ'யை (T வடிவ மூன்று வாய் இணைப்பு) பூட்டி, அதன் ஒரு வாயில் பழைய சுவிட்சையும் மறு வாயில் மானியின் சென்சரையும் பொருத்தினேன். கசியக் கூடாது என்று, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை ஆறேழு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

முதல் வாரம் ஒரு சொட்டும் இல்லை. இப்போது டீயின் அடியில் ஒயில் கசிந்து பிளொக் முழுவதும் படிகிறது. மானியின் முள் காரணமின்றி ஆடுகிறது. அதைவிடக் கவலை தருவது, சாவியைப் போட்டதும் எரிய வேண்டிய சிவப்பு ஒயில் விளக்கு இப்போது எரிவதே இல்லை. ஹட்டனில் ஒரு கடையில் கேட்டதற்கு, சிலிக்கன் பூசுங்கள் என்று ஒருவரும், ஷெலாக் (அரக்குப் பசை) போதும் என்று இன்னொருவரும் சொன்னார்கள். எதைப் பயன்படுத்துவது சரி? பின் இடது சக்கரத்தில் பிரேக் பைப் நட்டின் ஓரத்திலும் சிறிது ஈரம் தெரிகிறது. அதே பசையை அங்கேயும் பூசலாமா?

பதில்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற மெக்கானிக்

தம்பி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பிரேக் பைப்பில் டேப், ஷெலாக், சிலிக்கன், வேறு எந்தப் பசையும் பூசக் கூடாது. அந்தக் கசிவைச் சரிசெய்யும் வரை லொறியில் பாரம் ஏற்ற வேண்டாம்.

பிரேக் பைப் நட்டின் மரைக்குள் திரவம் வரவே கூடாது. பைப்பின் நுனியைப் புனல்போல் விரித்து மடித்திருப்பார்கள். அந்த விரிந்த வாய், சக்கர சிலிண்டருக்குள் இருக்கும் கூம்பு முகத்தில் உலோகத்தோடு உலோகமாக அழுந்தித்தான் அடைப்பு உண்டாகிறது. நட்டின் வேலை அதை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. மரையில் ஈரம் தெரிகிறது என்றால் வாய் வெடித்திருக்கிறது, அல்லது கூம்பு முகத்தில் கீறல் விழுந்திருக்கிறது என்று பொருள். மரையை அடைத்தால் கசிவு சில நாள் கண்ணுக்கு மறையுமே தவிர, வெடிப்பு அங்கேயேதான் இருக்கும். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது அந்தப் பைப்புக்குள் எழும் அழுத்தத்தைப் பசையால் தாங்க முடியாது. பசைத் துணுக்கு உள்ளே போய் மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளையை அடைத்தால், மிதியை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

பைப்பை அவிழ்த்து, நுனியை வெட்டி, நட்டை முதலில் பைப்பில் கோத்துவிட்டு (பலர் இதை மறந்து இரண்டாம் முறை வெட்டுகிறார்கள்), பழைய நுனி எந்த வடிவில் இருந்ததோ அதே வடிவில் இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். பைப் துருப்பிடித்திருந்தால் முழுவதையும் மாற்றுவதே நல்லது. பிறகு பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, பிரேக் திரவத்தையும் புதிதாக ஊற்றுங்கள். டொட் 3 தர பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரை பாரத்தோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவருக்கு இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

செப்பு வாஷரோடு வரும் பாஞ்சோ போல்ட்டுகளுக்கும் (நடுவே திரவம் ஓடத் துளையுள்ள போல்ட்) இதே விதிதான். டீசல் பில்டரில் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள், மரையில் எதையும் சுற்றாதீர்கள்.

பதில்: வட்டவளை, தொழிற்சாலை ஃபிட்டர்

ஐயா பிரேக்கைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. நான் ஒயில் இணைப்பை எடுத்துக்கொள்கிறேன். பசையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், அந்தப் பித்தளை டீ உங்கள் எஞ்சினுக்கு உரியதுதானா என்று பாருங்கள். என் சந்தேகம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானிய எஞ்சின்களில் ஒயில் சுவிட்ச் துளை பெரும்பாலும் 1/8 அங்குல பி.எஸ்.பி.டி. (பிரித்தானிய முறைக் குழாய்) மரையாக இருக்கும். அங்குலத்துக்கு 28 புரிகள், புரியின் கோணம் 55 பாகை. கடைகளில் விற்கும் மானிகள் பலவற்றோடு வருவதோ அமெரிக்க முறையிலான 1/8 அங்குல என்.பி.டி.; அதில் அங்குலத்துக்கு 27 புரிகள், கோணம் 60 பாகை. இரண்டின் வெளிவிட்டமும் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் என்பதால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்று மற்றொன்றுக்குள் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும். அதன் பிறகு வரும் இறுக்கம் மரைகள் ஒன்றையொன்று கடித்து நசுக்குவதால் வருவது. டேப் தடிப்பாக இருந்ததால் ஒரு வாரம் தாங்கியிருக்கிறது, எஞ்சினின் அதிர்வில் தளர்ந்துவிட்டது. டேப்பை எல்லாம் நீக்கிவிட்டுக் கையால் திருகிப் பாருங்கள். புரி அளக்கும் கேஜ் ஒன்று இருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய சுவிட்சின் மரையையும் அதே கேஜால் அளந்து ஒப்பிடுங்கள்.

மரை சரியானதாக இருந்தாலும் பசை தேவைதான். நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் இந்த மரைகளில், நீளம் 16 மில்லிமீற்றருக்கு விட்டம் 1 மில்லிமீற்றர் குறைகிறது. இறுக்க இறுக்கப் பக்கங்கள் நெருங்கினாலும், ஒரு புரியின் உச்சிக்கும் எதிர்ப் புரியின் பள்ளத்துக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி சுருளாக உள்ளிருந்து வெளிவரை ஓடிக்கொண்டேயிருக்கும். ஒயில் அந்த வழியாகத்தான் வருகிறது. பசையின் வேலை அதை நிரப்புவது மட்டுமே. தவறான மரைக்கு அது மருந்தாகாது.

டேப் ஒயிலில் கரையாது, எஞ்சினின் சூட்டையும் தாங்கும். ஆனால் இறுக்கும்போது நுனியில் கிழிந்து நூலாகி, ஒயிலோடு உள்ளே போகும். டர்போ உள்ள எஞ்சினில் அதற்கு ஒயில் கொண்டுபோகும் வழி மிகக் குறுகியது. ஒரு துணுக்கே போதும். சிலிக்கனும் பிதுங்கி உள்ளே போகும் என்பதால் அதையும் நான் பரிந்துரைக்கவில்லை. சிவப்பு விளக்கு எரியாததற்கும் டேப்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒற்றைக் கம்பி சுவிட்சுக்கு வேறு எர்த் கிடையாது. அதன் மரையே எர்த். ஆறேழு சுற்று டேப் அதைப் பிளொக்கிலிருந்து பிரித்து வைத்திருக்கும். அழுத்தம் முற்றாக விழுந்தாலும் அந்த விளக்கு உங்களை எச்சரிக்காது. முள் ஆடுவதும் அதே கோளாறாக இருக்கலாம்.

நான் பயன்படுத்துவது, காற்றுப்படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால் மட்டுமே இறுகும் வகைப் பசை. லொக்டைட் 567 வெள்ளைக் களிம்பாக வரும், 204 பாகை வரை தாங்கும். ஹைட்ரோலிக், காற்றுக் குழாய்களுக்கு 545 பொருத்தமானது. வாங்கும்போது போல்ட் கழராமல் பிடிக்கும் சிவப்புப் பசையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிறகு சூடுகாட்டாமல் கழற்ற முடியாது. போத்தல் பாதிதான் நிரம்பியிருக்கும். காற்று இருந்தால்தான் அது திரவமாக நிற்கும் என்பதால் அப்படி அடைக்கிறார்கள்.

இரு மரைகளையும் பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசையின்றிக் கழுவி உலர வையுங்கள். நுனியில் முதல் இரண்டு புரிகளை வெறுமையாக விட்டு, அடுத்த புரிகளைச் சுற்றி ஒரு வளையம் பூசுங்கள். கையால் இறுகும் வரை திருகிய பின், ஸ்பானரால் ஒன்றரை முதல் இரண்டு சுற்று போதும். டீயின் வாய் நினைத்த திசைக்கு வரவில்லை என்று ஒருபோதும் பின்னால் திருப்பாதீர்கள். திருப்பினால் கழற்றித் துடைத்து மறுபடியும் பூச வேண்டும். நம் பகுதிக் குளிரில் பசை மெதுவாக இறுகும், ஆகையால் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: பொகவந்தலாவை

இருவருக்கும் நன்றி. பிரேக் பைப்பை அன்றைக்கே கழற்றினோம். விரிந்த வாயின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு வெடிப்பு, நகத்தால் வருடினால்தான் தெரிந்தது. அந்தத் துண்டை மாற்றிவிட்டோம், இப்போது காய்ந்திருக்கிறது.

டீயைக் கழற்றியபோது அதன் வாயில் வெள்ளை டேப் நூல்போல் முறுகி, கொழுந்தின் நடு நரம்பு போல நீண்டு நின்றது. கேஜில் அளந்தோம்: டீயில் 27, பழைய சுவிட்சில் 28. பிளொக்கின் முதல் இரண்டு புரிகள் சற்று நசுங்கியிருந்தாலும் உள்ளே நல்ல நிலையில் இருந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து சரியான டீயும், மானியின் சென்சருக்கு இரு மரைகளையும் இணைக்கும் அடப்டர் ஒன்றும் வரவழைத்து, நீங்கள் சொன்னபடியே பூசி ஒரு நாள் விட்டேன். சாவியைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, எஞ்சின் பிடித்ததும் அணைகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. இணைப்பின் வெளிவிளிம்பில் பிதுங்கிய பசை இன்னும் ஈரமாகவே இருக்கிறது, விரலில் ஒட்டுகிறது. கழற்றி மறுபடியும் செய்ய வேண்டுமா?

பதில்: வட்டவளை, தொழிற்சாலை ஃபிட்டர்

வேண்டாம். வெளியே இருப்பதைக் காற்று தொடுவதால் அது இறுகாது; துணியால் துடைத்துவிடுங்கள். மரைக்குள் இருப்பது இறுகிவிட்டது. பின்னொரு நாளில் ஈரம் கண்டால், இன்னும் கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம் என்று ஸ்பானரை வைக்காதீர்கள். இறுகிய பசை உடைந்துவிடும். கழற்றி, துடைத்து, புதிதாகப் பூசுவதுதான் வழி.

சென்சர் கனமானது என்றால், பித்தளை டீயில் அதைத் தொங்கவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. டீசல் எஞ்சினின் அதிர்வில் டீயின் கழுத்து நாளடைவில் வெடிக்கும். வெடித்தால் ஒயில் முழுவதும் நிமிடங்களில் ரோட்டில் கொட்டிவிடும். ஒயில் தாங்கும் ஒரு சிறு ஹோஸ் வைத்து சென்சரைச் சேசியில் ஒரு பிராக்கெட்டில் பூட்டுங்கள். அப்படிச் செய்தால் சென்சருக்குப் பிளொக்கின் எர்த் கிடைக்காது என்பதால், பிராக்கெட்டிலிருந்து பிளொக்குக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி போட மறக்க வேண்டாம்.