டலுபான் வென்ற 15 கோப்பைகள்: பயிற்சியாளரின் திறமையா, அணியின் பலமா?

கோத்தகிரி உடற்கல்வி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பள்ளியின் சிமென்ட் ஆடுகளம் பாசி பிடித்து வழுக்கும் என்பதால், அந்நாட்களில் மாணவர்களை வகுப்பறையில் அமரவைத்துப் பெரிய பயிற்சியாளர்களைப் பற்றிப் பேசுவது என் வழக்கம். இம்முறை பிலிப்பைன்ஸின் பேபி டலுபானைப் பற்றிச் சொன்னேன். 1975-இல் தொடங்கிய அந்நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான பி.பி.ஏ.வில் அவர் 15 கோப்பைகளை வென்றார். அவற்றுள் 9 கிரிஸ்பா அணியுடன் வென்றவை. "அவ்வளவு நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால் யார் பயிற்சியாளராக இருந்தாலும் ஜெயித்திருப்பார்களே" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

குன்னூர் ரசிகர்:
மாணவியின் பக்கம் நியாயம் இருக்கிறது, ஐயா. பி.பி.ஏ. அணிகள் ஊர்களுக்கு உரியவை அல்ல, நிறுவனங்களுக்கு உரியவை. சென்னையில் இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. அணிகளை நாம் அறிவோம் அல்லவா, அந்த வகைதான். கிரிஸ்பா ஒரு துணி நிறுவனத்தின் அணி. அடோய் கோ, பிலிப் சீசர், போக்ஸ் அடோர்னாடோ என ஆட்டக்காரர்களுக்குக் குறைவே இல்லை. ஓர் ஆண்டின் மூன்று தொடர்களையும் வெல்லும் கிராண்ட் ஸ்லாமை டலுபான் 1976-இல் சாதித்தார். அவர் விலகிய பிறகு, 1983-இல் டாமி மனோடாக் அதே கிரிஸ்பாவை வைத்து அதையே செய்து காட்டிவிட்டாரே!

உதகை பழைய ஆட்டக்காரர்:
1983-இல் ஆடிய கோவும் சீசரும் டலுபானின் கீழ் ஆடித் தேறியவர்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிரிஸ்பாவுக்கு எதிரே டொயோட்டா சளைக்காத பலத்துடன் நின்றது. 1975-இன் முதல் இரண்டு கோப்பைகளும் டொயோட்டாவுக்கே போயின. அதன் நட்சத்திரமான ராபர்ட் ஜவோர்ஸ்கியே, யூ.இ. பல்கலைக்கழக அணியில் டலுபானிடம் பயின்றவர்தான். அந்தக் கல்லூரி அணி 1965 முதல் 1971 வரை ஆண்டுதோறும் பட்டம் வென்றது.

கிரிஸ்பாவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கிரேட் டேஸ்ட் அணியுடன் 5 கோப்பைகள், ப்யூர்ஃபுட்ஸ் அணியுடன் ஒன்று என 6 மீதி இருக்கின்றன. எனக்கு அந்தக் கடைசிக் கோப்பைதான் முக்கியமாகப் படுகிறது. 1990-இன் மூன்றாவது தொடர், ஐந்து ஆட்டங்கள் கொண்ட இறுதிச்சுற்று. அலாஸ்கா அணியிடம் ப்யூர்ஃபுட்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களையும் இழந்துவிட்டது. இன்னொன்றைத் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற நிலையில், அறுபது வயதைத் தாண்டிய டலுபான் அடுத்த மூன்றையும் தொடர்ந்து வென்றார். அன்று தோற்ற இளம் பயிற்சியாளர், அமெரிக்கரான டிம் கோன். டலுபானின் 15 என்ற சாதனையை 2014-இல் முறியடித்தவரும் அவரே; அதுவும், பெயர் மாறியிருந்த அதே ப்யூர்ஃபுட்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்து முறியடித்தார்.

குன்னூர் ரசிகர்:
1990 விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஒரே ஆண்டில் மூன்று கோப்பைகள் என்பது வலுவான அணி வாய்க்காமல் நடக்காது என்றே இன்னமும் நினைக்கிறேன்.

கோத்தகிரி உடற்கல்வி ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. 1976, 1983, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதி, வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாடவிடப் போகிறேன். கேள்வி கேட்ட மாணவியை டலுபானின் கட்சியில் உட்காரவைக்கலாம் என்றிருக்கிறேன்.